மழை லீக்கில் ஒரு சேம்சைடு கோல்

எங்கள் மலையில் ஆனி மாதம் இறங்குகிற மழை ஆவணி வரைக்கும் ஏறாது. மைதானத்தில் பந்தை வைத்தால் மிதந்து போய்விடும். அதற்காகக் கால் சும்மா இருக்குமா? பூட்டிக் கிடந்த ஒரு தேயிலைக் கிடங்கைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி, எஸ்டேட் ஆட்கள் உள்ளேயே கால்பந்து ஆட ஆரம்பித்தார்கள். அணிக்கு ஐந்து பேர். சுவரில் பட்டுத் திரும்புகிற பந்தும் ஆட்டத்தில் சேர்த்தி. தகரக் கூரையில் மழை விழுகிற சத்தத்தில் விசில் காதில் விழாது. அதனால் நடுவர் ஒரு சிவப்புத் துண்டை ஆட்டுவார். துண்டைப் பார்க்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறவன் ஊருக்குப் புதிது என்று தெரிந்துகொள்ளலாம். இதற்கு மழை லீக் என்று பெயர். இருபது வருஷத்துக்கு மேல் நடக்கிறது.

லீக்குக்குச் செயலாளர் தவமணி. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பேக்கரி வைத்திருக்கிறார். ஐம்பது தாண்டியவர். ஒரு காலத்தில் எஸ்டேட்டின் மேல் டிவிஷன் அணிக்காக ஆடியவர். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். யாராவது புகழ ஆரம்பித்தால், அடுப்பைப் பார்க்க வேண்டும் என்று உள்ளே போய்விடுவார்.

அவருடைய குரு பௌசியா. சிரிக்காதீர்கள். பௌசியாவுக்கு இருபத்தேழு வயது. மெடிக்கல் ஷாப் நடத்துகிறாள். நானும் அவள் இவள் என்றுதான் சொல்லப் போகிறேன், ஆனால் தவமணி முன்னால் சொல்ல மாட்டேன். அவருக்கு அவள் டீச்சர்.

கதை இதுதான். யார் வேண்டுமானாலும் சேர்ந்து எழுதலாம் என்கிற இணையக் கலைக்களஞ்சியம் ஒன்று உண்டு. பௌசியா பள்ளிக்கூட நாளிலிருந்து அதில் எழுதுகிறாள். நூலகத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைப் பற்றி வகுப்பு எடுத்தாள். போண்டாவுக்காக வந்தவர்கள் போண்டா தீர்ந்ததும் போய்விட்டார்கள். தவமணி மட்டும் உட்கார்ந்திருந்தார்.

"மழை லீக்கப் பத்தி எழுதலாமா டீச்சர்?"

"எழுதலாம். யார் சொன்னது, எங்க சொன்னதுன்னு ஒவ்வொண்ணுக்கும் ஆதாரம் வைக்கணும். அப்புறம், நம்மளப் பத்தி நாமே எழுதக் கூடாது. நீங்க செயலாளர்ங்கறத மொதல்லயே சொல்லிட்டு எழுதுங்க."

அப்படியே சொல்லிவிட்டு எழுதினார். இரண்டு மழைக்காலம் உட்கார்ந்து, இரண்டு விரலால் எழுதினார். அணிகள், விதிகள், கிடங்கு, சிவப்புத் துண்டு, ஒவ்வொரு வருஷத்து இறுதி ஆட்டம். பார்த்தால் உலகக் கோப்பைக்குக்கூட அவ்வளவு நீளம் இருக்காது. வெளியாள் எழுதிய ஆதாரம் மட்டும் இல்லை. லீக் நோட்டீஸையும் கேடயத்தின் போட்டோவையும் ஆதாரம் என்று வைத்திருந்தார்.

இந்த ஆனியில் கட்டுரையின் தலையில் ஒரு அறிவிப்பு ஏறியது. வெளியார் எழுதிய ஆதாரம் ஏதும் இல்லை, கட்டுரையை நீக்கிவிடலாமா என்று கேட்டு, பூவரசு என்ற பெயரில் எழுதுகிற ஒருவர் வைத்தது. பூவரசு ஆணா பெண்ணா, எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது.

தவமணிக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு ஒரு காலையில் அவர் குடையைக்கூட எடுக்காமல் மெடிக்கல் ஷாப்புக்கு ஓடி வந்தார். ஒரு கையில் பன் பை, இன்னொரு கையில் நாளிதழ்.

"ஆதாரம் கெடச்சிருச்சு டீச்சர். பாருங்க. அரைப் பக்கம். மழை லீக்னு தலைப்பே போட்டிருக்காங்க. விடியறப்பவே கட்டுரையில ஏத்திட்டேன். பூவரசு பாத்துட்டு, இது போதும் போலன்னு எழுதியிருக்கார்."

பௌசியா நாளிதழை வாங்கி மெதுவாகப் படித்தாள்.

"நிருபர் யாரப் பாத்தார்?"

"தெரியலைங்க."

"உங்களக் கூப்பிட்டாரா?"

"இல்லைங்க."

"கிடங்குக்கு வந்தாரா?"

"வந்த மாதிரி தெரியல."

அதற்குள் பங்களாத் தோட்டக்காரர் ஒருவர் வந்தார். காலியான மாத்திரை அட்டையை நீட்டினார்.

"இதே மாத்திரை ஒரு அட்டை குடும்மா."

"டாக்டர் சீட்டு?"

"சீட்டு எதுக்கு? பக்கத்து லைன் வீட்டு மாரியப்பன் இதத்தான் சாப்பிடறான். நல்லாத்தான் இருக்கான்."

"மாரியப்பன் அண்ணன் நேத்து வந்தாரு. அவர்கிட்டயும் சீட்டு இல்ல. நீங்க சாப்பிடறதப் பாத்துத்தான் அவரு சாப்பிடறாராம்."

தோட்டக்காரர் யோசித்தார். "அப்ப மொதல்ல சாப்பிட்டது யாரு?"

"அதான் எனக்கும் தெரியணும். டாக்டரப் பாத்துட்டு வாங்க."

தோட்டக்காரர் முணுமுணுத்துக்கொண்டே போனார். தவமணி வாய்விட்டுச் சிரித்தார். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது. கையில் இருந்த நாளிதழைப் பார்த்தார். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை கட்டுரையில் அவர் எழுதியதே. சிவப்புத் துண்டைப் பற்றி அவர் செய்த கேலியைக்கூட அப்படியே போட்டிருந்தார்கள்.

"டீச்சர், நீங்க பேப்பரப் பத்திச் சொல்றீங்களா?"

"நான் மாத்திரையப் பத்திச் சொன்னேன்."

"இது ஆதாரம் இல்லன்னு ஆயிட்டா கட்டுரையே போயிரும் டீச்சர்."

"போயிரும்."

"பேப்பர்ல இருக்கறது எங்கிருந்து வந்ததுன்னு யாருக்குத் தெரியப் போகுது?"

"உங்களுக்குத் தெரியுமே."

அவள் பன் பையைத் திறந்து ஒன்றை எடுத்துக்கொண்டு, நன்றாக இருக்கிறது என்றாள். தவமணி வீட்டுக்குப் போனார். நாளிதழைக் கட்டுரையிலிருந்து எடுக்கவும் இல்லை, அன்றைக்கு ஒழுங்காகத் தூங்கவும் இல்லை.

அந்தச் சனிக்கிழமை கிடங்கில் பிள்ளைகள் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு கோல் காக்கச் சொல்லிக் கொடுப்பவர் இருதயராஜ். இலை லாரி ஓட்டுபவர். லீக்கின் முதல் இறுதி ஆட்டத்தில் கீழ் டிவிஷனுக்குக் காவல் நின்றவர். எந்த மழைக்கும் வகுப்பைத் தவறவிடாத மனிதர் அன்று வரவில்லை.

தவமணி லாரி நிற்கும் இடத்துக்குத் தேடிப் போனார். இருதயராஜ் வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார். மற்ற டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டே, "சேம்சைடு வருது, வழி விடு, வழி விடு" என்றார்கள். இருதயராஜ் சிரிக்கவில்லை. இறங்கி வந்தார்.

"ஏன் வரல?" என்று கேட்டார் தவமணி.

"எதுக்கு வரணும்? சேம்சைடு எப்படிப் போடறதுன்னு சொல்லிக் குடுக்கவா?"

"என்னடா பேச்சு இது?"

"பேப்பர் பாக்கலையா நீ? நாலுக்கு நாலுன்னு நின்ன ஆட்டத்துல கடைசி கோல் என்னோட சேம்சைடாம். என் தோள்ல வாங்கி நானே உள்ள தள்ளிட்டேனாம். எம்பொண்ணு காலேஜ்ல இருந்து போன் பண்றா. ஏம்ப்பா எங்கிட்டச் சொல்லவே இல்லங்கறா. நடக்காதத எப்படிச் சொல்றது தவமணி?"

தவமணி லாரிச் சக்கரத்தில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்தார்.

"தோத்தது தோத்ததுதான். அதுக்கு நான் ஒருநாளும் மூஞ்சியத் தூக்கி வச்சதில்ல. ஆனா இது என்ன? எவனோ ஒருத்தன் பேப்பர்க்காரன்கிட்ட இப்படிச் சொல்லியிருக்கான். அவன் யாருன்னு கண்டுபிடிச்சுச் சொல்லு. நீயும் அன்னிக்கு அங்கதான இருந்த."

கலைக்களஞ்சியம், கட்டுரை எல்லாம் இருதயராஜுக்குத் தெரியாது. சொல்ல வேண்டியவர் தவமணி. சொல்லவில்லை. தலையை ஆட்டிவிட்டு மழையில் நடந்தார். நேராக மெடிக்கல் ஷாப்புக்குத்தான் வந்தார்.

"டீச்சர், கட்டுரையில ஒரு வரி தப்பு."

"எது?"

"அந்த சேம்சைடு."

பௌசியா மாத்திரை அட்டையைக் கத்திரித்துக்கொண்டிருந்தாள். "சேம்சைடு இல்லன்னா அந்த கோல அடிச்சது யாரு?"

தவமணி அலமாரியில் இருந்த இருமல் மருந்துப் பெயர்களை எல்லாம் ஒருமுறை படித்து முடித்தார்.

"நான்தான் டீச்சர்."

அவள் கத்திரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"நான் அடிச்சது சுவத்துல பட்டு, அவன் தோள உரசிட்டு உள்ள போச்சு. எங்க விதிப்படி அது அடிச்சவன் கோல்தான். அந்த விதிய எழுதினதே நான். ஆனா கட்டுரைனு வந்தப்ப என் பேரப் போட மனசு வரல. நம்மளப் பத்தி நாமே எழுதக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க? கோல் விழுந்தது விழுந்ததுதான், யார் பேர்லயாவது எழுதியாகணும். அவன் தோள்ல பட்டது நெசம்தானேன்னு..."

"உங்க பேர எடுத்தீங்க. சரி. அந்த எடத்துல அவர நிறுத்தச் சொல்லி நான் சொன்னேனா?"

தவமணி வாசல் பக்கம் திரும்பினார். வெளியே ஒரு பஸ் வந்து ஆளை இறக்கிவிட்டுப் போகும் வரை அப்படியே நின்றார்.

பிறகு, "அந்த ஒரு வரிய மட்டும் எடுத்துட்டா போதும்ல?" என்றார்.

"எடுத்துப் பாருங்க."

அங்கேயே போனில் எடுத்தார். பௌசியா டீ வரவழைத்தாள். டீ ஆறுவதற்குள் அந்த வரி பழைய இடத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் பூவரசின் குறிப்பு: நாளிதழ் ஆதாரம் உள்ள தகவல், காரணம் இல்லாமல் நீக்க வேண்டாம்.

தவமணி அதை இரண்டு முறை படித்தார். "அடப்பாவி. தப்புன்னு நான் சொல்றேன். நான்தான அடிச்சேன்."

"பூவரசு மேல தப்பில்லண்ணா. உங்க பொய்க்கு ஆதாரம் இருக்கு. உண்மைக்கு இன்னும் இல்ல."

"அப்ப என்னதான் பண்றது?"

ஒரு அம்மா காய்ச்சல் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். பௌசியா எழுந்து போய் அவளைக் கவனித்தாள். சிரப்பை எப்படிக் கொடுக்க வேண்டும் என்று மூடியில் கோடு போட்டுக் காட்டினாள். திரும்பி வர அவளுக்கு ஒன்றும் அவசரம் இருந்ததாகத் தெரியவில்லை.

தவமணி, கட்டுரையைப் பற்றி எழுதுகிறவர்கள் பேசிக்கொள்ளும் உரையாடல் பக்கத்தைத் திறந்தார். என்ன செய்ய வேண்டும் என்பது பேப்பர் வந்த அன்றைக்கே அவருக்குத் தெரியும். இப்படி எழுதினார்:

"நாளிதழ்ச் செய்தி இந்தக் கட்டுரையைப் பார்த்து எழுதியது. அதனால் அது ஆதாரம் ஆகாது. கடைசி கோல் சேம்சைடு இல்லை. தப்பாக எழுதியது நான். அந்த கோலை அடித்ததும் நான். தவமணி, லீக் செயலாளர்."

கடைசிக்கு முந்தைய வரியை அடித்து, அழித்து, மறுபடி அடித்தார். பௌசியா தூரத்திலிருந்து பார்த்தாள். கிட்டே வரவில்லை.

பூவரசு மரியாதையாக நன்றி சொன்னார். அப்படியானால் கட்டுரைக்கு ஆதாரம் ஏதும் மிஞ்சவில்லை என்றும் எழுதினார். மறுநாள் சாயங்காலம் தேடிப் பார்த்தபோது, இந்தப் பெயரில் கட்டுரை ஏதும் இல்லை என்று வந்தது. இரண்டு மழைக்காலத்து உழைப்பு. தவமணி மைதா மூட்டைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதார். கடைப் பையன் பார்த்துவிடப் போகிறான் என்ற வெட்கம்கூட அப்போது வரவில்லை.

முகத்தைக் கழுவிக்கொண்டு இருதயராஜ் வீட்டுக்குப் போனார். வாசலில் நின்றபடியே சொன்னார்.

"அந்த ஆள் யாருன்னு கேட்டியே. நான்தான்."

இருதயராஜ் நம்பவில்லை. முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்ன பிறகு நம்பினார். நம்பியதும் முகம் கறுத்துப் போனது.

"நீ அடிச்ச கோலத் தூக்கி என் தலையில ஏண்டா வச்ச?"

"என் பேரப் போட்டா பெருமை பேசற மாதிரி இருக்குமேன்னு..."

"உனக்குப் பெருமை வேண்டாம்னா எனக்கு அவமானம் வேணுமா?"

தவமணி நின்றார். அங்கிருந்து நகரவில்லை. சாரல் முதுகை நனைத்தது. வெகுநேரம் கழித்து இருதயராஜ், "உள்ள வந்து தொலை. ஜுரம் வந்து செத்தா அதையும் என் பேர்ல எழுதுவ" என்றார்.

உள்ளே உட்கார்ந்து தவமணி நாளிதழ் அலுவலகத்துக்குப் போன் போட்டார். இருதயராஜ் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். எழுதிய நிருபரிடமே போனைக் கொடுத்தார்கள். தவமணி சத்தம் போடவில்லை. சேம்சைடு என்பது பொய், எழுதிவிட்டது நான், எடுத்துப் போட்டது நீங்கள், அதனால் ஒரு மனுஷன் வேலைக்குப் போகிற இடத்தில் கேலிக்கு ஆளாகியிருக்கிறார் என்றார். அப்புறம் நிருபர், "ஞாயித்துக்கிழமை ஆட்டம் இருக்கா சார்?" என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார். சின்ன வயசுக்காரர். ஷூவுக்குள் தண்ணீர் சளக் சளக் என்றது. கிடங்குக்குள் நுழைந்ததும் காதைப் பொத்திக்கொண்டு கூரையைப் பார்த்தார். இரண்டு ஆட்டம் முழுசாக உட்கார்ந்து பார்த்தார். பிறகு தவமணியிடம் வந்து முதல் இறுதி ஆட்டத்தைப் பற்றிக் கேட்டார்.

"என்னைக் கேக்காதீங்க தம்பி. கோல் வாங்கினவர் அங்க நிக்கறார்."

இருதயராஜ் பந்தைக் கீழே வைத்துவிட்டு வந்தார். அவர் பேச ஆரம்பித்ததும் மற்றவர்கள் சுற்றி வந்து நின்றார்கள். கேலி செய்த லாரி டிரைவர்களும் அதில் இருந்தார்கள்.

"இவன் அடிச்சது சுவத்துல பட்டு வந்துச்சு தம்பி. வருதுன்னு எனக்குத் தெரியும். சரியான எடத்துலதான் நின்னேன். வேகம் ஜாஸ்தி. தோளத் தட்டிட்டுப் போயிருச்சு. இன்னிக்கு அடிச்சாலும் நான் அதே எடத்துலதான் நிப்பேன். அது இவனோட கோல்."

நிருபர் அந்த முதல் இறுதி ஆட்டத்தின் நடுவரையும் தேடிப் பிடித்துக் கேட்டார். அவரும் அதையே சொன்னார். கடைசியில் தவமணியிடம் திரும்பினார்.

"அப்ப அடிச்சது நீங்கதான் சார்?"

தவமணியின் கண் வழக்கம்போல வாசல் பக்கம் போனது. பார்க்க அங்கே அடுப்பு இல்லை. இருதயராஜ் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா தம்பி. நான்தான் அடிச்சேன்."

"இதச் சொல்லத்தான் இவ்வளவு வருஷமாடா?" என்றார் இருதயராஜ். பந்தை எடுத்துக்கொண்டு, கோல் கம்பத்துப் பக்கம் காத்திருந்த பிள்ளைகளிடம் போனார்.

அடுத்த வாரம் செய்தி வந்தது. முந்தைய செய்தியில் இருந்தது தவறு என்று மேலேயே போட்டிருந்தார்கள். தவமணி அதை மடித்து எடுத்துக்கொண்டு மெடிக்கல் ஷாப்புக்குப் போனார். இருதயராஜ் லாரியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கூடவே வந்தார். டீச்சர் என்கிற ஆளை ஒருமுறை பார்க்க வேண்டுமாம்.

"இப்ப மறுபடி எழுதலாமா டீச்சர்? இந்தத் தடவை எல்லாத்துக்கும் ஆதாரம் இருக்கு."

"நீங்க எழுத வேண்டாம்ண்ணா. இப்ப அதுல நீங்களே இருக்கீங்க."

"அப்ப யாரு எழுதுவா?"

பௌசியா போனை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். மழை லீக் என்ற தலைப்பில் ஒரு கட்டுரை இருந்தது. முந்தின நாள் ஆரம்பித்திருந்தது. எழுதியவர் பூவரசு.

"நீக்கச் சொன்னவரா?"

"அவரேதான். பேப்பரப் படிச்சிருக்கார். படிச்சதோட விடல. நேர்ல போனீங்களா, யார் யாரப் பாத்தீங்கன்னு நிருபருக்கு எழுதிக் கேட்டிருக்கார். பதில் வந்த பெறகுதான் ஆரம்பிச்சிருக்கார்."

இருதயராஜ் தவமணியின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, உரக்கப் படித்தார்.

"மழை லீக் என்பது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் மழைக்காலத்தில் ஒரு கிடங்கினுள் ஆடும் ஐவர் கால்பந்துத் தொடர். இதன் முதல் இறுதி ஆட்டத்தின் கடைசி கோலை, கோல் காப்பாளர் இருதயராஜைத் தாண்டி அடித்தவர் தவமணி."

அவ்வளவுதான் இருந்தது. அதற்கு மேலே, இன்னும் ஆதாரங்கள் சேர்த்து உதவுங்கள் என்று ஒரு பட்டை. இருதயராஜ் தன் பெயர் இருந்த இடத்தை விரலால் தொட்டார். பக்கம் பெரிதாகிக் கலைந்து போக, பதறிக் கையை எடுத்துக்கொண்டார்.

தவமணி பக்கத்தை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்.

"நான் எவ்வளவு எழுதினேன் டீச்சர். இதுல என்னோட வார்த்தை ஒண்ணுகூட இல்லையே."

பௌசியா போனை வாங்கி மேஜையில் வைத்தாள்.

"அதனாலதாண்ணா இது நிக்கும்."